சார் வீட்டுப் புல்

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற மூன்றாவது குறுக்குத் தெருவில் சின்னப்பாவை ‘சார்’ என்று கூப்பிட்டவள் சந்திரம்மா ஒருத்திதான். மற்றவர்களுக்கு அவர் ‘கே.ஜி.எஃப்.காரர்’. கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் ‘பெரியவரே’ என்பார்கள். வெள்ளையடிக்க வந்தவன் ‘யோவ் பெருசு, ஏணியப் புடி’ என்றான். சின்னப்பாவும் பிடித்தார். வயிற்றெரிச்சலோடுதான் பிடித்தார்.

கோலார் தங்கச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருஷம் அந்தச் சொல்லை அவர் அடுத்தவர்களுக்கு வாரி வழங்கியவர். கூண்டில் இறங்கும் முன் ஒரு சார், மேலே வந்ததும் ஒரு சார், தங்கத்துண்டு எதையாவது ஒளித்து வைத்திருக்கிறாரா என்று ஒருவன் இடுப்பைத் தடவிப் பார்க்கும்போது இன்னொரு சார். பாறைக்கு வெடி வைக்கிற கும்பலில் மருந்துப் பெட்டி சுமக்கும் வேலை அவருக்கு. அந்த வேலையில் இருப்பவனை யாரும் சார் என்று கூப்பிடமாட்டார்கள். தொண்ணூற்றாறில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, பொம்மனஹள்ளியில் முப்பதுக்கு நாற்பதில் ஒரு மனை பிடித்து வீடு கட்டினார். குடிவந்த முதல் வாரம், பேங்குக்குப் போய்விட்டு வந்து பேண்ட்டோடு வாசலில் நின்றிருந்தபோது, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பெண்பிள்ளை நின்றாள். “சார், பால் வேணுமா சார்?” என்றாள். நான்கு வார்த்தையில் இரண்டு சார்.

அன்றிலிருந்து சின்னப்பா லுங்கியோடு வாசலுக்கு வந்ததில்லை. காலையில் பால் வாங்குவதற்கு இஸ்திரி போட்ட பேண்ட் மாட்டும் மனுஷனை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அவர் மனைவி பவுலின் சிரித்தாள். அவர் காதில் வாங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் கிடைத்ததை ஒரு லுங்கிக்காகக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை.

சார் ஆகிவிட்டால் அதற்கு ஏற்ற மாதிரி வீடு இருக்க வேண்டும் அல்லவா? சின்னப்பாவுக்குத் தெரிந்த சார் வீடு ஒன்றே ஒன்றுதான். சுரங்க அதிகாரியின் பங்களா. அதன் முன்னால் பச்சைப் புல்தரை. தொழிலாளர் லைன்களில் குடத்தோடு வரிசையில் நிற்கும் நேரத்தில் அங்கே புல்லுக்குக் குழாயில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். ஒன்பது வயதில் அம்மாவோடு எதற்கோ அங்கே போனவர் அந்தப் புல்லில் ஒரு காலை வைத்துப் பார்த்தார். தோட்டக்காரன் ரப்பர் குழாயாலேயே முதுகில் ஒன்று போட்டான். அந்த வலி போய்விட்டது. ஆசை போகவில்லை.

ஆகவே வீட்டுக்கு முன்னால் மிஞ்சிய பன்னிரண்டடிக்குப் பதினைந்தடி நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் வைக்கலாம் என்று பவுலின் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. முருங்கை வைத்தால் லைன் வீடு மாதிரி ஆகிவிடும் என்றார். நர்சரியிலிருந்து புல் வாங்கிவந்து, விரலால் குழி போட்டு, பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி ஒவ்வொரு கொத்தாக ஊன்றினார். எரு மட்டும் சந்திரம்மா கொடுத்தாள்.

சந்திரம்மாவுக்கு ஓசூர்ப் பக்கம் பிறந்த ஊர். புருஷன் கோவிந்தப்பா சந்தாபுராவில் வேறொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். தெருக்கோடியில் இரண்டு அறை உள்ள ஒரு ஓட்டுக்கட்டிடம். ஒன்றில் இவள், அடுத்ததில் புருஷனின் தங்கை ருக்கு. இவளுக்கென்று இருந்தது ஒரு கலப்பின மாடு. சிவப்பு நிறம் என்பதால் கன்னடத்தில் கெம்பி என்று பெயர் வைத்திருந்தாள். கெம்பியின் பாலில்தான் அடுப்பு எரிந்தது. தொண்ணூற்றெட்டு நடுவில் கெம்பி ஒரு கிடேரிக் கன்றும் போட்டது.

தீனிக்கு அவள் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாவற்றையும் யாரும் சாக்கடையில் கொட்டமாட்டார்கள். கேட்டோரம் ஒரு தொட்டியில் ஊற்றி வைப்பார்கள். பால் கறந்து முடிந்ததும் சந்திரம்மா மாட்டை அவிழ்த்துவிடுவாள். அது தானாக வீடு வீடாகப் போய், தொட்டி தொட்டியாகத் தலையை விட்டுக் குடித்துவிட்டு, பத்து மணிக்குள் கட்டுத்தறிக்குத் திரும்பிவிடும். சின்னப்பா வீட்டு வாசலில் பவுலின் வைத்தது ஒரு நீல நிற பிளாஸ்டிக் தொட்டி. அங்கே கெம்பி வருகிற நேரம் எட்டு மணி. ரேடியோவில் செய்தி தவறினாலும் அது தவறாது.

சாணி எருவில் புல் வளரத்தான் செய்தது. கூடவே கோரையும் வளர்ந்தது, வண்டு வந்தது, ஈ வந்தது. தொண்ணூற்றெட்டு அக்டோபரில் சுரங்கத்து உதவி இன்ஜினியர் ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தார். கேட்டைத் திறந்ததும் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, “இன்னா சின்னப்பா, மாட்டுக் கொட்டாய்க்குப் பக்கத்துல வூடு கட்டிட்டியா?” என்று கேட்டார். கிறிஸ்துமஸுக்குக் கேக் சாப்பிட வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு சின்னப்பா புல்லைப் பார்த்தார். நுனியெல்லாம் மஞ்சள். அன்று இரண்டு வேளை அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் பேகூர் ரோட்டில் இருந்த உரக்கடைக்குப் போனார். சுற்றுவட்டாரத்து ராகிக்காரர்களுக்கு உரம் விற்கிற கடை. கடைக்கார நாகேஷ் எத்தனை ஏக்கர் என்று கேட்டான். வீட்டு முன்னால் புல்தரை என்று சின்னப்பா சொன்னதும் சிரித்தான். இருந்தாலும் நல்ல பையன், வாய் திறந்திருந்த மூன்று மூட்டைகளைக் காட்டிப் பொறுமையாக விளக்கினான். புல்லுக்குப் பச்சை கொடுப்பது நைட்ரஜன்தான், மூன்றிலும் அதுதான் இருக்கிறது, அளவும் குணமும்தான் வேறு என்றான்.

முதல் மூட்டையைக் கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என்றான். நீட்டின கையைச் சின்னப்பா வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நைட்ரேட் என்ற வார்த்தையை அவர் படித்தது வெடிமருந்துக் கிடங்கின் கதவில். அவர் கும்பலில் இரண்டு பேரைச் சாக்கில் அள்ளித்தான் மேலே கொண்டுவந்தார்கள். இதில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது, நிலக்கடலைக்காரன்கூட வாங்கிப் போகிறான் என்று நாகேஷ் சொல்லியும் அவர் கேட்கவில்லை. வீட்டு வாசலில் நைட்ரேட்டைத் தூவிவிட்டு யார் நிம்மதியாகத் தூங்குவது?

இரண்டாவது அம்மோனியம் சல்பேட். குனிந்து முகர்ந்தார். மூக்கில் சுருக்கென்று ஏறியது. மூத்திர வாடை. நாற்றத்துக்குப் பயந்துதானே அவர் சாணியை விட்டு இங்கே வந்தார்?

மூன்றாவது யூரியா. சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். முகர்ந்தார், வாசனையே இல்லை. அதைத்தான் கேட்டார்.

நாகேஷ் ஒரு கிலோ கட்டிக் கொடுத்தான். அந்த அளவு இடத்துக்கு இரண்டு கை போதும், நிறைய தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும், அதிகமானால் புல் கருகும் என்றான். பொட்டலத்தை நீட்டும்போது இன்னொன்றும் சொன்னான்.

“அண்ணா, சல்பேட்டுன்னா வாடைக்கு மாடு கிட்டயே வராது. இது அப்படி இல்ல. உப்புக் கரிக்கும், மாட்டுக்கு ருசி. கரைச்ச தண்ணிய மாடு குடிக்காம பாத்துக்குங்க. குடிச்சா போச்சு.”

சரி சரி என்றார் சின்னப்பா. காது கேட்காத ஆள் அல்ல அவர். வெடிச் சத்தத்தில் கெட்டது இடது காதுதான். நாகேஷ் நின்றது வலது பக்கம்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. பவுலின் ரேஷன் கடை வரிசைக்குப் போயிருந்தாள். சின்னப்பா வேலையில் இறங்கினார். வீட்டில் பெரிய பாத்திரம் என்று இருந்தது கேட்டோரம் கிடந்த அந்த நீலத் தொட்டிதான். அதிலிருந்த கழுநீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பி, யூரியாவைப் போட்டார். இரண்டு கை என்று சொன்னான் நாகேஷ். கிறிஸ்துமஸுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. நான்கு கை போட்டார். கம்பால் கலக்கினார். தண்ணீர் ஐஸ் மாதிரி குளிர்ந்து போனது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகுதான் தன் இடுப்பைப் பார்த்தார். லுங்கி. தெருவே பார்க்கத் தண்ணீர் தெளிக்கப் போகிறார், லுங்கியோடா? உள்ளே போனார். இஸ்திரி போட்ட பேண்ட் பீரோவில் இல்லை, கொடியில் இருந்தது. பெல்ட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. தலையையும் வாரிக்கொண்டார்.

வெளியே வந்தபோது மணி எட்டு. கெம்பி தொட்டிக்குள் தலையை விட்டிருந்தது.

ஓடிப்போய் விரட்டியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். அவர் படியில் நின்றபடியே ‘ஏய், ஏய்’ என்றார். மாடு நிதானமாகக் குடித்து முடித்தது. அடியில் ஒட்டியிருந்ததையும் நாக்கைச் சுழற்றி நக்கியது. நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வீட்டுத் தொட்டிக்குப் போனது.

சின்னப்பா யோசித்தார். மாட்டின் வயிறு எவ்வளவு பெரியது! நான்கு கை யூரியா எந்த மூலைக்கு? கடைக்காரர்கள் இப்படித்தான் பயமுறுத்துவார்கள். சந்திரம்மா வீடு எண்பதடி தூரம். நடந்து போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய் மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினார். கவிழ்த்தும் வைத்தார்.

எட்டே முக்காலுக்குத் தெருக்கோடியில் அலறல் கேட்டது.

போகாமல் இருந்தால் தப்பாகப் போய்விடும் என்று அவரும் போனார். கட்டிடத்துக்கு முன்னால் இருந்த காலி மனையில் கெம்பி விழுந்து கிடந்தது. வயிறு ஊதிப்போய், கால்கள் விறைத்து வெட்டி வெட்டி இழுத்தன. வாயெல்லாம் நுரை. இரண்டடி தள்ளிக் கட்டியிருந்த கன்று கயிற்றை இழுத்துக் கத்திக்கொண்டிருந்தது. சந்திரம்மா மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அதன் நாக்கு உள்ளே போகாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

யாரோ போன் செய்து, அரசு கால்நடை டாக்டர் வீணா ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள். சின்ன வயதுப் பெண். வயிற்றைக் குத்திக் காற்றை வெளியேற்றினாள், ஊசி போட்டாள். பிறகு நிமிர்ந்து சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சொன்னாள்.

“எதையோ தின்னிருக்கு. எதுன்னு தெரிஞ்சா மாத்து மருந்து இருக்கு, இன்னும் டைம் இருக்கு. யார் மேலயும் கேஸ் போட மாட்டேன், யாரையும் திட்ட மாட்டேன். யார் வீட்டுல எதைக் குடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க.”

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. சின்னப்பாவின் வாய் திறந்தது. சத்தியமாகத் திறந்தது. சொல்வதற்குத்தான் திறந்தது. அந்த நேரம் பார்த்துச் சந்திரம்மா அவரைக் கண்டுவிட்டாள்.

“சார், நீங்க பெரியவங்க சார். நீங்க சொல்லுங்க சார். வாயில்லாத ஜீவனுக்கு யார் சார் இப்படிச் செய்வாங்க?”

தெரு முழுக்க அவர் பக்கம் திரும்பியது. ‘பெருசு’ என்று கூப்பிட்டவன்கூட வழிவிட்டு நின்றான். சின்னப்பா வாயை மூடிக்கொண்டார். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டி, ‘ச்ச்’ என்று ஒரு சத்தம் போட்டார். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் மாடு செத்தது. நகரசபை டிராக்டர் வந்து அதைக் காலில் கயிறு கட்டி ஏற்றிக்கொண்டு போயிற்று.

மதியம் பவுலின் கொல்லைக்குப் போனாள். கவிழ்த்து வைத்த தொட்டியைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் குடித்த டம்ளரைக் கழுவாத மனுஷன் தொட்டியைக் கழுவியிருக்கிறார். அலமாரியில் பாதி காலியான பொட்டலத்தையும் பார்த்தாள். வந்து அவர் எதிரில் நின்றாள். அவர் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு வாசலில் கழுநீர் வைப்பது நின்றது, அவ்வளவுதான். பவுலினை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

பழி எங்காவது இறங்கித்தானே ஆக வேண்டும்? ருக்கு தலையில் இறங்கியது. கெம்பி தன் அம்மா வளர்த்த மாட்டின் வாரிசு, அதில் தனக்கும் பாதி உண்டு என்று அவள் வருஷக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமைகூட அண்ணியோடு வாய்ச்சண்டை. உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், செத்துத் தொலையட்டும் என்று தெரு கேட்கக் கத்தியிருந்தாள். சனிக்கிழமை மாடு செத்துவிட்டது. இதற்கு மேல் தெருவுக்கு என்ன சாட்சி வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கூடினார்கள். சின்னப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். பொம்மனஹள்ளிக்கு வந்ததிலிருந்து யாரும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. சார் என்ன நினைக்கிறார் என்று கேட்டார்கள். பார்த்தீர்களா, ஒரே நாளில் பத்துப் பேருக்கும் அவர் சார் ஆகிவிட்டார்.

சின்னப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் கண்ணால ஒண்ணும் பாக்கல. பாக்காதத சொல்லக் கூடாது. ஆனா நம்ம வூட்டாண்ட வரும்போதே அது நடை தள்ளாடிதான் வந்துச்சு. வூட்டுலயே ஏதோ தின்னுட்டு வந்த மாதிரி இருந்துச்சு.”

யோசித்து யோசித்து வைத்திருந்த வாக்கியம் அது. ருக்குவின் பெயர் அதில் இல்லை. பெயர் சொல்லாமல் ஒரு பெண்ணை எப்படிக் கொல்லலாம் என்பதை ஞாயிறு பூசையிலேயே உட்கார்ந்து யோசித்திருந்தார்.

ருக்கு அழவில்லை. நான் செய்யவில்லை என்று நான்கு தடவை சொன்னாள். ஐந்தாவது தடவை சொல்ல வாயெடுத்தபோது சந்திரம்மா அவள் முகத்தில் காறித் துப்பினாள். மறுநாள் காலை ருக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு சந்தாபுரா பஸ் ஏறப் போனாள். சின்னப்பா கேட்டருகே நின்றிருந்தார். அவள் ஒரு நிமிஷம் நின்றாள்.

“நீங்க கோயிலுக்குப் போறவரு. நீங்களே சொல்லிட்டீங்களே” என்றாள். பெட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.

கிறிஸ்துமஸுக்குப் புல் கருகியிருக்கும், அவருக்கு நல்ல பாடம் கிடைத்திருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். புல் பிரமாதமாக வந்தது. மாடு செத்த வாரமே சின்னப்பா மீதி யூரியாவில் இரண்டு கையை மட்டும், கடைக்காரன் சொன்ன அளவுக்கு, கரைத்துத் தெளித்தார். தொட்டியை விட்டு ஓரடி நகரவில்லை. பத்தே நாளில் மஞ்சள் மறைந்து, பச்சை பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த இன்ஜினியர் மட்டும் கேக் சாப்பிட வரவேயில்லை.

ஜனவரியில் சின்னப்பா சந்திரம்மாவை வேலைக்கு வைத்துக்கொண்டார். வாரத்துக்கு மூன்று நாள், களை பிடுங்கி, கத்தரியால் புல்லைச் சமமாக வெட்டிவிட வேண்டும். மாடு போனதும் அவள் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள். சார்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தார் என்று தெருவே அவரைப் புகழ்ந்தது. மனசாட்சி உறுத்தித்தான் கொடுத்தார் என்று வைத்துக்கொண்டாலும், அவள் காலையில் கேட்டைத் திறக்கும்போது சொல்கிற ‘நமஸ்காரா சார்’ என்பதும் அவருக்குத் தேவைப்பட்டது. பாலுக்கு வந்த நாட்களில் ஒரு வேளைதான் கிடைத்தது. இப்போது வெட்ட வெட்டக் கிடைத்தது.

வெட்டிய புல்லைச் சந்திரம்மா முந்தானையில் கட்டிக்கொண்டு போவாள். கன்று இருந்தது அல்லவா? அதைத் தன் உயிராக வளர்த்தாள். கறிவேப்பிலைக் காம்பு முதல் ஆட்டோக்காரன் தின்றுவிட்டுப் போடும் வாழைப்பழத் தோல் வரை பொறுக்கிவந்து கொடுத்தாள். வேறு எந்த வாசலுக்கும் அதை அவிழ்த்துவிடவில்லை. இது சினைப்பட்டுக் கன்று போட்டுவிட்டால் பாத்திரம் தேய்ப்பதை விட்டுவிடலாம், பழையபடி பால் ஊற்றலாம் என்பதுதான் அவள் பேச்சு. புல் வெட்டுகிற நேரமெல்லாம் சின்னப்பாவிடம் அதையே சொல்வாள். கன்று எத்தனை அடி உயர்ந்தது, எந்தக் காது மடிகிறது, அம்மாவைப் போலவே நெற்றியில் சுழி இருக்கிறது. சின்னப்பா ‘ம்’ கொட்டுவார்.

அடுத்த நவம்பர் வந்தது. கன்றுக்கு ஒன்றரை வயது. சின்னப்பா இப்போது யூரியாவைக் கரைப்பதில்லை, தூவிவிட்டுக் குழாயில் தண்ணீர் விடுவார். அன்று அவர் தூவிக்கொண்டிருக்கும்போது, ஓரத்தில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்த சந்திரம்மா கையை நிறுத்திப் பார்த்தாள்.

“சார், இந்தக் கொப்பர மாட்டுக்கு ஆகாதா சார்? நம்ம கன்னு இந்தப் புல்லத்தான திங்குது, அதான் கேட்டேன்.”

கொப்பர என்று அவள் சொன்னது உரத்தை. சாதாரணமாகத்தான் கேட்டாள். கன்றின் மேல் உள்ள கரிசனத்தில் கேட்ட கேள்வி. சின்னப்பா தூவுவதை நிறுத்தினார். இவளுக்கு யார் என்ன சொன்னார்கள்? ஏன் இன்றைக்குக் கேட்கிறாள்? ‘ஆகாது, பார்த்து நடந்துகொள்’ என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஆகாது என்று சொன்னால் அடுத்த கேள்வி எது என்று அவருக்குத் தெரியும். அந்தக் கேள்வி வரும்போது அவள் வாயில் சார் இருக்காது.

“ஒண்ணும் ஆவாது” என்றார். சொன்ன வேகத்தில் அது போதாது என்று பட்டது. மேலும் சொன்னார். “பால் சங்கத்துக்காரனே வைக்கோல்ல இத கலந்து போடச் சொல்றான். மாடு நல்லா கொழுக்குமாம். உரக்கடையில போர்டே மாட்டியிருக்கான்.”

அந்தப் போர்டு பொய்யல்ல. நாகேஷ் கடையில் தொங்கியது. எத்தனை கிலோ வைக்கோலுக்கு எத்தனை கிராம், எத்தனை நாள் மூடி வைக்க வேண்டும், எந்த வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது, தண்ணீரில் கரைத்துத் தரவே கூடாது என்பதெல்லாம் அதில் கட்டம் கட்டி எழுதியிருந்தது. சின்னப்பா அதை நின்று, ஒரு வரி விடாமல் படித்திருந்தார்.

சந்திரம்மாவின் முகம் மலர்ந்தது. “கொழுக்குமா சார்? நம்மது கொஞ்சம் எளைச்சுதான் இருக்கு. சினைக்கு நிக்கணும்னா ஒடம்புல சதை வேணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஒரு கை குடுப்பீங்களா சார்?”

இல்லை என்று சொல்ல அவரிடம் ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தை ஒரு வருஷமாகத் தொண்டைக்குள் வைத்திருந்தார். பழைய பேப்பரைக் கிழித்து அதில் ஒரு கை போட்டார். கஞ்சத்தனம் என்று நினைத்துவிடப் போகிறாளே என்று இன்னொரு கையும் போட்டார். ஜன்னலுக்கு உள்ளே பவுலின் நின்றுகொண்டிருந்தாள். திரையை இழுத்துவிட்டு உள்ளே போனாள்.

அவள் வைக்கோலில்தான் தெளிப்பாள், கொஞ்சம்தான் போடுவாள், ஒன்றும் ஆகாது என்று சின்னப்பா தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் ஒரு தடவை செருப்பை மாட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போனார். கன்று கட்டுத்தறியில் நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. சந்திரம்மா அவரைப் பார்த்து எழுந்து நின்றாள். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

நான்காம் நாள் அவள் புல் வெட்ட வரவேண்டிய நாள். வந்தாள், நேரம் தவறாமல் வந்தாள். நமஸ்காரம் சொல்லவில்லை. கேட்டுக்குள் வந்து புல்லோரம் உட்கார்ந்து கத்தரியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன. சின்னப்பா பேண்ட் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

“நேத்து கன்னு போயிடுச்சு சார்.”

அவர் பெல்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

இரண்டு நாள் வைக்கோலில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாளாம், நன்றாகத் தின்றதாம். நாக்கை நீட்டிக் கேட்டதாம். மிச்சமிருந்ததை நேற்றுத் தண்ணீரில் கரைத்து வைத்தாளாம், ஒரே மூச்சில் குடித்ததாம். அரை மணி நேரத்துக்குள் விழுந்துவிட்டது. டாக்டர் வருவதற்குள் முடிந்தது. எல்லாவற்றையும் புல்லைப் பார்த்தபடி சொன்னாள்.

“நீங்க நல்லதுக்குத்தான் குடுத்தீங்க சார். நான்தான் அளவு தெரியாம கைக்கு வந்தபடி போட்டுட்டேன்.”

சின்னப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. வருத்தத்தில் மட்டும் என்று சொல்ல முடியாது. அவள் இன்னும் சார் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காது அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது.

“அளவு பாத்துதான் போடணும்” என்றார்.

“ஆமா சார்.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “அதே மாதிரிதான் சார் இருந்துச்சு. கெம்பிக்கு வந்த மாதிரியே. அதே மாதிரி வயிறு ஊதி, அதே மாதிரி நொர, அதே மாதிரி காலு இழுத்துச்சு.”

கொல்லையில் தொட்டி கவிழ்ந்து கிடந்தது, அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கச் சந்து வழியாகப் பார்த்தால் தெரியும். உரப் பொட்டலம் படியில் இருந்தது. எல்லாம் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். சின்னப்பா காத்திருந்தார்.

“ருக்கு சந்தாபுரால இருக்கா சார். ஒரு வருஷமா இந்தப் பக்கமே வரல. அவ எப்படி சார் செஞ்சிருப்பா? அப்ப கெம்பிக்கும் அவ ஒண்ணும் வெக்கலதானே?” குரல் உடைந்தது. கத்தரியைக் கீழே வைத்தாள். “ராத்திரியெல்லாம் யோசிச்சேன். கெம்பிக்கும் நானேதான் தெரியாம எதையோ குடுத்திருக்கேன் போல சார். குடுத்துட்டு அந்தப் பொண்ணு மூஞ்சில துப்பி அனுப்பிட்டேன். அப்படித்தான் இருக்குமா சார்? நீங்க சொல்லுங்க சார்.”

ரோட்டில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் போனது. உண்மையைச் சொல்ல அவருக்கு இன்னொரு தடவை நேரம் கிடைத்தது. இந்த முறை கூட்டம்கூட இல்லை, கேட்பதற்கு அவள் ஒருத்திதான்.

“இருக்கும்” என்றார்.

சந்திரம்மா தலையை ஆட்டினாள். ஞாயிற்றுக்கிழமை சந்தாபுரா போய் ருக்கு காலில் விழ வேண்டும் என்றாள். பிறகு குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, எப்போதும்போல ஒழுங்காக வெட்டி முடித்தாள். வெட்டியதையெல்லாம் கூட்டி அள்ளி முந்தானையில் முடிச்சுப் போட்டாள். கேட் வரை போனவள் நின்றாள். முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள்.

“சார், இந்தப் புல்ல எங்க கொட்டட்டும்?” என்று கேட்டாள்.